இருட்டைக் கண்டு நடுங்கிய பேராசிரியர்

மாலை நேரம். இன்னும் விளக்கு ஏற்றவில்லை.

ஒரு வாலிபர், ஏதோ ஒரு சாமானை எடுப்பதற்காகத் தன் வீட்டில் உடை மாற்றும் அறைக்குள் போனார். அறை மங்கலாக இருந்தது.

திடீர் என்று அவரை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அறையில் திருடன் இல்லை. பாம்பு இல்லை. பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் உடம்பு கிடுகிடு என்று நடுங்கியது.

அதே நேரத்தில் அவர் மனக்கண் முன் ஓர் உருவம் வந்தது. மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் முன்பு பார்த்த வலிப்பு நோயாளியின் உருவம் அது. சின்ன வயது. கறுத்த தலைமுடி. பச்சை படர்ந்த தோல். சுவர் ஓரத்து பெஞ்சியில், முழங்கால்களை மோவாய் வரை மடக்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருப்பான். கண்கள் மட்டும்தான் அசையும்.

நாளைக்கு நானும் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது, ஆகாமல் தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று அந்த வாலிபர் நினைத்தார். அவ்வளவுதான். அன்று முதல் காலையில் கண் விழித்தாலே வயிற்றுக்குள் ஒரு பயம். இருட்டில் தனியாகப் போக முடியவில்லை. பல மாதங்கள் இப்படியே கழிந்தன.

தன் தாயாரைப் பார்க்கும்போது அவருக்கு ஆச்சரியமாக இருக்கும். இவ்வளவு ஆபத்தான உலகத்தில் அம்மா மட்டும் எப்படிச் சிரித்த முகமாக இருக்கிறாள் என்று நினைப்பார். தன் பயத்தைத் தாயாரிடம் சொல்லவில்லை.

இந்த வாலிபர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மனோதத்துவப் பேராசிரியர் ஆனார். கவலையை எப்படிச் சமாளிப்பது, நல்ல பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் பெயர் வில்லியம் ஜேம்ஸ்.

ஒற்றைக்கால் தகப்பனார்

வில்லியம் ஜேம்ஸ் 1842-ஆம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் மூத்தவர்.

தாத்தா அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்தவர். வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்துவிட்டார். அதனால் தகப்பனார் ஹென்றி ஜேம்ஸ் வேலைக்குப் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

தகப்பனாருக்கு ஒரு கால் இல்லை. 13 வயதில், தீப்பிடித்த குதிரை லாயத்துக்குள் ஓடி நெருப்பை மிதித்து அணைக்கப் பார்த்தார். கால் கருகிவிட்டது. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அவருக்கும் ஒரு பயக் கதை உண்டு. 1844-ல், வில்லியம் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, குடும்பம் இங்கிலாந்தில் தங்கி இருந்தது. ஒருநாள் சாப்பிட்டு முடித்துத் தனியாக உட்கார்ந்திருந்த தகப்பனாரைத் திடீர் என்று நடுக்கம் பிடித்தது. அறையின் மூலையில் ஏதோ ஒன்று குந்தி இருப்பதுபோல் தோன்றியதாம். அந்தப் பயம் தெளிய அவருக்கு நெடுநாள் பிடித்தது.

பரம்பரை வியாதிதான் தன்னையும் பிடித்திருக்கிறதோ என்ற சந்தேகம் பிற்காலத்தில் மகனுக்கு உண்டாயிற்று. மகனைக் குறை சொல்ல முடியாது.

தகப்பனார் நல்லவர். ஆனால் ஓர் ஊரில் நிலையாக இருக்கமாட்டார். குடும்பத்தை அழைத்துக்கொண்டு லண்டன், பாரிஸ், ஜினிவா என்று சுற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குப் பல பாஷைகள் வந்தன. ஆனால் எதையும் நிலையாகப் பற்றிக்கொள்ளும் பழக்கம் மூத்தவருக்கு வரவில்லை.

அடுத்த தம்பி ஹென்றி ஜேம்ஸ், பின்னாளில் பெரிய நாவல் ஆசிரியராகப் பெயர் எடுத்தார்.

என்ன படிப்பது?

வில்லியத்துக்கு ஓவியம் என்றால் உயிர். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் பிள்ளையின் பிடிவாதம் ஜெயித்தது. 18 வயதில் நியூபோர்ட் என்ற ஊரில், வில்லியம் மாரிஸ் ஹண்ட் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் தரமான ஓவியனாகத் தன்னால் வர முடியாது என்று தோன்றியது. தூரிகையைக் கீழே போட்டுவிட்டார்.

1861-ல் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குப் போய் ரசாயனம் படித்தார். சோதனைக் குழாயோடு மணிக்கணக்காக நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. 1864-ல் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கடைசித் தம்பிகள் இருவரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 1863-ல் படுகாயத்தோடு வீட்டுக்கு வந்தார். வில்லியம் யுத்தத்துக்குப் போகவில்லை.

வைத்தியப் படிப்பையும் பாதியில் நிறுத்திவிட்டு, 1865-ல் அகாசி என்ற விஞ்ஞானியோடு கப்பல் ஏறினார். பிரேசில் நாட்டில் அமேசான் நதியில் மீன் சேகரிக்கும் பயணம் அது. போன இடத்தில் அம்மை வார்த்து, கொஞ்ச காலம் கண் பார்வையும் கெட்டது. இந்த வேலைக்கும் தான் லாயக்கு இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினார்.

பிறகு முதுகு வலி வந்தது. கண் வலி வந்தது. தூக்கம் போயிற்று. 1867-ல் ஜெர்மனிக்குப் போய், வெந்நீர் ஊற்றுகளில் குளித்துப் பார்த்தார். வலி போகவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் தலை தூக்கியது.

ஊருக்குத் திரும்பி 1869-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் ஒருநாளும் அவர் வைத்தியத் தொழில் செய்யவில்லை.

27 வயது ஆகிவிட்டது. தகப்பனார் வீட்டுச் சாப்பாடு. கையில் பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. இந்த நிலைமை எப்படி இருக்கும் என்று பல வீடுகளில் சொல்லாமலே தெரியும்.

1870 மார்ச் மாதம் இன்னோர் இடி விழுந்தது. அவர் மிகவும் மதித்த மின்னி டெம்பிள் என்ற உறவுக்காரப் பெண் காச நோயால் இறந்துபோனாள்.

இருட்டு அறையில் பயம் பிடித்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

டைரியில் எழுதிய முடிவு

வில்லியத்தை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. மனிதன் வெறும் எந்திரம்தானா? மூளை ஆட்டுகிறபடி ஆடுகிற பொம்மையா? அப்படியானால் இந்த நோயில் இருந்து எழுந்து வர நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

அந்தச் சமயத்தில் ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியரின் புத்தகத்தை அவர் படித்தார். மனதில் பல எண்ணங்கள் வரலாம். அவற்றில் ஒன்றை, நான் விரும்புகிறேன் என்பதற்காகவே பிடித்து நிறுத்திக்கொள்ள முடிகிறது அல்லவா? அதுதான் மனிதனுடைய சுதந்திரம் என்று அதில் கண்டிருந்தது.

1870 ஏப்ரல் 30-ந் தேதி வில்லியம் தன் டைரியில் ஒரு முடிவை எழுதி வைத்தார். மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்று நம்புவது. அப்படி நம்புவதையே தன் முதல் சுதந்திரச் செயலாக வைத்துக்கொள்வது. அந்த வருஷம் முடிகிற வரையில் தன்னைப் பற்றியே துருவித் துருவி யோசிப்பதை நிறுத்தி, சின்னச் சின்ன நல்ல காரியங்களைச் செய்து பழகுவது என்றும் தீர்மானித்தார்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை அல்ல. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவர் விழுந்தும் எழுந்தும்தான் நடந்தார்.

அவரை உண்மையில் தூக்கி நிறுத்தியது ஒரு வேலை. ஹார்வர்டின் தலைவராக இருந்த எலியட், முன்பு அவருக்கு ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர். மாணவர்களுக்கு உடற்கூறு பாடம் நடத்த வரும்படி 1872-ல் அவர் அழைத்தார். தினமும் குறித்த நேரத்துக்குப் போக வேண்டும். பையன்கள் காத்திருப்பார்கள். தன் நோயை நினைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

1873 வசந்த காலத்தில் ஒருநாள், போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் தான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று அவர் தகப்பனாரிடம் சொல்லி மகிழ்ந்தார். மனநோய் எல்லாம் உடம்புக் கோளாறில் இருந்துதான் வரும் என்ற எண்ணத்தை விட்டதும் தனக்கு விடுதலை கிடைத்தது என்றார்.

இங்கே ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. இன்று மருந்தும் உண்டு, கேட்டு வழி சொல்லும் டாக்டர்களும் உண்டு. ஜேம்ஸ் ஒரு புத்தகத்தைப் படித்துத் தேறினார் என்பதற்காக, உயிரை விடும் எண்ணத்தோடு தவிப்பவரைப் புத்தகத்தோடு விட்டுவிடக் கூடாது.

12 வருஷப் புத்தகம்

1875-ல் ஹார்வர்டில் மனோதத்துவப் பாடத்தை ஆரம்பித்தார். அமெரிக்காவில் அது அப்போது புதிய பாடம். மனோதத்துவத்தில் தான் கேட்ட முதல் சொற்பொழிவு, தானே செய்த முதல் சொற்பொழிவுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்.

ஒருநாள் தகப்பனார் வெளியே போய் வந்து, வில்லியத்தின் வருங்கால மனைவியைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாராம். ஆலிஸ் கிப்பன்ஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியைதான் அந்தப் பெண். வில்லியத்துக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் நோயாளியான தனக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை உண்டா என்று இரண்டு வருஷம் குழம்பினார். தன்னை மணக்க வேண்டாம் என்று தானே கடிதம் எழுதினார். ஒரு கட்டத்தில் அந்தப் பெண் கனடாவுக்கே போய்விட்டார். கடைசியில் 1878 ஜூலை மாதம் கல்யாணம் நடந்தது.

அதே வருஷம் ஹென்றி ஹோல்ட் என்ற பதிப்பாளர் ஒரு மனோதத்துவப் புத்தகம் கேட்டார். இரண்டு வருஷத்தில் தருகிறேன் என்றார் ஜேம்ஸ். தேன் நிலவிலேயே மனைவியிடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். ஆனால் புத்தகம் முடிய 12 வருஷம் பிடித்தது.

இடையில் 1882-ல் தாயாரும் தகப்பனாரும் இறந்தார்கள். 1885-ல் ஒன்றரை வயதுக் குழந்தை ஹெர்மன் கக்குவான் கண்டு இறந்தது. அவற்றுக்கு நடுவே பக்கங்கள் வளர்ந்தன. 1890-ல் வெளிவந்த இரண்டு பாகங்களும் சேர்ந்து சுமார் 1,400 பக்கம். இது ஊதிப் பெருத்த புத்தகம், இதை எழுதியவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று பதிப்பாளருக்கே எழுதினார். உலகம் அப்படி நினைக்கவில்லை.

கீழே விழுந்த நூல்கண்டு

அந்தப் புத்தகத்தில் பழக்கத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. சாதாரண மக்களும் தேடிப் படித்தது அதைத்தான்.

காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, இப்போது காபி குடிப்பதா வேண்டாமா, எந்த வேலையை முதலில் தொடங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்து முடிவு எடுப்பவனைவிடத் துன்பப்படுகிறவன் கிடையாது என்றார் ஜேம்ஸ். பாதி நாள் முடிவு எடுப்பதிலும், மீதி நாள் அந்த முடிவுக்காக வருந்துவதிலும் போய்விடும். தினசரிக் காரியங்களைப் பழக்கத்திடம் ஒப்படைத்துவிட்டால், மனம் பெரிய காரியங்களுக்கு ஓய்வாக இருக்கும்.

புதுப் பழக்கத்தை ஆரம்பிக்கும்போது பலமாக ஆரம்பிக்க வேண்டும். நாலு பேருக்குத் தெரியும்படி சொல்லிவிட வேண்டும். அது வேர் பிடிக்கிற வரையில் ஒருநாள்கூடத் தவறக் கூடாது. நூல்கண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை கை தவறிக் கீழே விழுந்தால், பல சுற்று சுற்றிய நூலும் அவிழ்ந்து போகும் அல்லவா? அதுபோலத்தான் என்றார்.

தினமும், செய்யப் பிடிக்காத ஒரு சின்னக் காரியத்தையாவது வேண்டும் என்றே செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அது இன்ஷூரன்ஸ் பணம் கட்டுவதுபோல. கட்டும்போது லாபம் தெரியாது. வீடு பற்றி எரியும் நாளில் கை கொடுக்கும்.

அழுவதால் துக்கமா?

துக்கம் வருவதால் அழுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். ஜேம்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். அழுவதால்தான் துக்கம் தெரிகிறது, ஓடுவதால்தான் பயம் தெரிகிறது என்றார். உடம்பில் ஏற்படும் மாறுதலை மனம் உணர்வதுதான் உணர்ச்சி என்பது அவர் கொள்கை. 1884-ல் இதை வெளியிட்டார். ஆகவே உற்சாகம் இல்லாத நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து கலகலப்பாகப் பேசிப் பாருங்கள், உற்சாகம் பின்னால் வரும் என்று யோசனை சொன்னார்.

பின்னால் வந்த விஞ்ஞானிகள் இதை அப்படியே ஏற்கவில்லை. இருதயம் படபடப்பது பயத்திலும் உண்டு, கோபத்திலும் உண்டு. அதை மட்டும் வைத்து எது பயம், எது கோபம் என்று சொல்ல முடியாது என்று 1927-ல் வால்டர் கேனன் என்ற உடற்கூறு நிபுணர் எடுத்துக் காட்டினார். ஜேம்ஸ் சொன்னது பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதியும் பலருக்கு உதவி இருக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டார். ஒருவன் தன்னைப் பற்றி எவ்வளவு திருப்தி அடைகிறான் என்பது, அவன் அடைந்த வெற்றியை அவன் ஆசைப்பட்ட அளவால் வகுத்தால் கிடைக்கும். உலகத்தில் இரண்டாவது பெரிய குத்துச்சண்டை வீரன், தன்னை அடிக்க ஒருவன் இருக்கிறானே என்று வெட்கத்தால் சாகிறான். எல்லோரிடமும் அடி வாங்கும் நோஞ்சானோ, குத்துச்சண்டையில் ஆசையே வைக்காததால் ஆனந்தமாக நடந்து போகிறான். வெற்றியைக் கூட்டினாலும் திருப்தி கூடும். ஆசையைக் குறைத்தாலும் கூடும். தனக்குக் கிரேக்க பாஷை தெரியாததைப் பற்றித் தனக்கு வருத்தமே இல்லை, மனோதத்துவத்தில் ஒருவன் தன்னை மிஞ்சினால்தான் பொறுக்கவில்லை என்று தன்னையே உதாரணம் காட்டினார்.

தன் பிள்ளைக்கு ஓவியம் வரவில்லையே, கணக்கு வரவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர், ஓவியத்தைக் கைவிட்ட இவர் போட்ட கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கும் மாணவிகளுக்கும் அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அமெரிக்கர்கள் எப்போதும் பரபரப்பாக இருக்கிறார்கள். இதற்குக் காரணம் அதிக வேலை அல்ல. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிக்கொண்ட கெட்ட பழக்கம். மற்றவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டாம், நீங்கள் அமைதியாக இருந்தால் போதும், உங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் அமைதி அடைவார் என்பது அந்தப் பேச்சுகளின் சாரம். 1899-ல் அவை புத்தகமாக வந்தன.

சொன்னபடி அவர் நடந்தாரா? முழுவதும் இல்லை. வீட்டில் குழந்தை பிறந்தால் கொஞ்ச நாளில் அவர் எங்காவது பயணம் கிளம்பிவிடுவார். வீட்டுப் பாரம் முழுவதும் ஆலிஸ் அம்மாள் தலையில் விழும். ஓய்வாக இருங்கள் என்று ஊருக்குச் சொன்னவர், 1898-ல் ஒரு மலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு அளவுக்கு மீறி ஏறி இருதயத்தைக் கெடுத்துக்கொண்டார்.

சுவாமி விவேகானந்தரை அவர் நேரில் அறிவார். விவேகானந்தர் 1896 மார்ச்சில் ஹார்வர்டில் வேதாந்தம் பற்றிப் பேசினார். அவருடைய ராஜயோக நூலை ஜேம்ஸ் 1902-ல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய தன் புத்தகத்தில் எடுத்துக் காட்டி இருக்கிறார்.

பூகம்பத்தில் சிரித்தவர்

1906 ஏப்ரல் 18. ஜேம்ஸ் அப்போது கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விடியற்காலையில் பூகம்பம் வந்தது. கட்டில் ஆடியது. மேஜை, பீரோ எல்லாம் உருண்டன. ஒரு காலத்தில் மங்கலான அறையைக் கண்டு நடுங்கியவருக்கு அப்போது பயமே உண்டாகவில்லை. மனதில் ஒரு குதூகலம்தான் எழுந்தது.

அன்றே ரயில் ஏறி, பற்றி எரிந்துகொண்டிருந்த சான்பிரான்சிஸ்கோ நகருக்குள் போனார். கூட வேலை பார்த்த ஓர் அம்மையாரின் சகோதரி அந்த நகரில் இருந்தார். அவரைத் தேடிப் போன அம்மையாருக்குத் துணையாகத்தான் போனார். அந்தப் பூகம்பத்திலும் தீயிலும் சுமார் 3,000 பேர் இறந்ததாகக் கணக்கு.

போன இடத்தில் அவர் கண்டது அழுகையும் கூச்சலும் அல்ல. மக்கள் மளமள என்று ஏதாவது ஒரு வேலையில் இறங்கி இருந்தார்கள். யாரும் சொல்லாமலே ஓர் ஒழுங்கு உண்டாகி இருந்தது. தூரத்து ஊர்களில் இருந்து வந்த கடிதங்களில்தான் பதற்றம் இருந்தது. துன்பத்தின் நடுவே வேலை செய்கிறவனைவிட, தூரத்தில் உட்கார்ந்து நினைப்பவனுக்குத்தான் வேதனை அதிகம் என்று அவர் குறித்து வைத்தார்.

பிரெஞ்சுக்காரர் யார்?

அந்தக் காலத்தில் மனநோய் என்றால் வெளியே சொல்லமாட்டார்கள். கிளிபர்டு பியர்ஸ் என்ற படித்த வாலிபர் மூன்று வருஷம் மனநோய் ஆஸ்பத்திரிகளில் அடைபட்டு அடியும் உதையும் பட்டார். குணம் ஆனபின், நடந்ததை எல்லாம் தன் பெயரிலேயே எழுதினார். கையெழுத்துப் பிரதியை ஜேம்சுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தோடு 1908-ல் புத்தகம் வந்தது. மறுவருஷம் மனநலத்துக்கு ஒரு தேசியக் கமிட்டி அமைந்தபோது ஜேம்சும் துணை நின்றார்.

ஆனால் தன் கதையை அவர் அப்படிச் சொன்னதில்லை. 1902-ல் வந்த புத்தகத்தில் இருட்டு அறைப் பயம் முழுவதும் வருகிறது. ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி அனுப்பியது என்று அதில் போட்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவருக்கு மட்டும் 1904-ல் உண்மையை எழுதினார். அது தன் சொந்த அனுபவம், ஆகையால் தாராளமாக மொழிபெயர்க்கலாம் என்று தெரிவித்தார்.

1909-ல் வியன்னா டாக்டர் பிராய்டு அமெரிக்காவுக்கு வந்திருந்தார். இருவரும் பேசிக்கொண்டே நடந்தபோது ஜேம்சுக்கு மார்பு வலி வந்தது. கையில் இருந்த பையைப் பிராய்டிடம் கொடுத்து, முன்னால் நடக்கச் சொல்லி, வலி தீர்ந்ததும் வந்து சேர்ந்துகொண்டார். தனக்குச் சாவு நெருங்கும்போதும் இப்படிப் பயம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அன்று முதல் தான் விரும்பியதாகப் பிராய்டு பிற்காலத்தில் எழுதினார்.

1910 ஆகஸ்டு 26-ந் தேதி, சொக்கோருவா என்ற மலையடிவாரக் கிராமத்தில் இருந்த தன் வீட்டில், மனைவியின் அணைப்பில் வில்லியம் ஜேம்ஸ் இறந்தார். வயது 68.

பத்து வருஷம் கழித்து, 1920-ல் அவருடைய மூத்த மகன் தகப்பனாரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். அந்தப் பிரெஞ்சுக்காரர் யார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.